ஆமைகிட்ட பிறப்புச் சான்றிதழ் கேட்காதீங்க

போன மாதம் ஒரு டீசேர்ட்டுக்காக எங்களுக்குள் இரண்டரை மணித்தியாலம் சண்டை நடந்தது. புதுசா சேர்ந்த தம்பி ஒருவன் படம் வரைந்து கொண்டுவந்திருந்தான். நல்லாத்தான் வரைந்திருந்தான். கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து வைத்திருக்கிற ஒரு ஆமை, ஓட்டுக்கு மேலே இரண்டு இலையும் ஒரு கொழுந்தும், அடியில் தடித்த எழுத்தில்: "7 கோடி வருசத்துத் தமிழ் ஆமை. நாங்க நேத்து வந்தவங்க இல்ல!"

பாதிப் பேர் கைதட்டினார்கள். மற்றப் பாதி தட்டவில்லை. சட்டைக்கென்று ஆளுக்கு 500 ரூபாய் வீதம் காசும் சேர்ந்திருந்தது. கடைசியில் அந்த வசனத்தை அடிப்பதில்லை என்று முடிவானது. ஆனால் அதே மாதிரி வசனங்கள் நம்ம ஆட்களின் பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் தினமும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதனால் நாங்கள் ஏன் அடிக்கவில்லை என்பதை எழுத வேண்டியிருக்கிறது. தம்பிக்குக் காட்டிவிட்டுத்தான் இதைப் போடுகிறோம். அவன் இன்னும் முழுசா ஒத்துக்கொள்ளவில்லை, அதையும் சொல்லிவிடுகிறோம்.

முதலில் ஆமை. அது கற்பனை கிடையாது. பெயர் குர்மாடெமிஸ் கல்லமேடென்சிஸ். தமிழ்நாட்டில் அரியலூருக்குப் பக்கத்தில் இருக்கிற கல்லமேட்டின் பாறைப் படிவத்திலிருந்து மண்டையோடுகளும் உடல் எலும்புகளும் கிடைத்தன. யூஜின் காஃப்னி, சங்கர் சாட்டர்ஜி, தீரஜ் ருத்ரா என்ற மூன்று பேர் 2001இல் அதை விவரித்து, இதுவரை தெரியாத ஒரு புதிய பேரினம் என்று பெயர் வைத்தார்கள். 'குர்மா' என்றால் நமக்குத் தெரிந்த கூர்மம்தான். 'எமிஸ்' என்பது நன்னீர் ஆமைக்குக் கிரேக்கச் சொல். 'கல்லமேடென்சிஸ்' என்றால் கல்லமேட்டுக்காரன். உலகத்தில் எந்த மொழிக்காரன் இந்த ஆமையைப் பற்றி எழுதினாலும் அரியலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயரை எழுதாமல் இருக்க முடியாது. இதைக் கேட்டதும் எங்களுக்கும் புல்லரித்தது. மறைக்க மாட்டோம்.

காலம், கிரிட்டேசியஸ் காலத்தின் கடைசிக் கட்டம். அதாவது இன்றைக்கு 7 கோடி 20 இலட்சம் ஆண்டுகளுக்கும் 6 கோடி 60 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடையில். டைனோசர்களின் கடைசிக் காலம். அரியலூர்ப் பக்கம் அதற்கு முன்னால் கடல் இருந்தது. சுருள் சுருளாக அம்மோனைட் ஓடுகள் அங்கே கிடைப்பது அதனால்தான். இன்றைக்கு சிமெந்துக்காக வெட்டுகிற சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் விட்டுப்போனதுதான். கடல் பின்வாங்கிய பிறகு ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் களியும் கல்லமேட்டுப் படிவம். நம்ம ஆமை அந்த ஆற்று மண்ணில் கிடந்தது.

தம்பி வரைந்த படத்தில் ஒன்று மட்டும் ரொம்பச் சரி. அது கழுத்து. மழைக்காலத்தில் லயத்துக் கானுக்குள் வந்து கிடக்கிற காராமையைத் தொட்டுப் பாருங்கள், தலையை நேராக உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே கழுத்து எஸ் எழுத்து மாதிரி மேலும் கீழுமாக வளைகிறது. குர்மாடெமிஸ் அப்படி இல்லை. அது பக்கக்கழுத்து ஆமை. வெட்கப்பட்ட பிள்ளை தோளில் முகத்தைப் புதைக்கிற மாதிரி, கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து ஓட்டின் விளிம்புக்குள் தலையைச் சாய்த்துக்கொள்ளும் கூட்டம். இந்தக் கூட்டத்தில் இன்றைக்கு உயிரோடு இருப்பவை ஆபிரிக்கா, மடகாஸ்கர், தென்னமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூகினி பக்கம் இருக்கின்றன. இந்தியாவிலும் இலங்கையிலும் ஒன்றுகூட இல்லை. குர்மாடெமிஸ் சேர்ந்த போத்ரெமிடிடே குடும்பமோ உலகத்திலேயே இல்லை. நம்ம கானில் கிடக்கிற காராமைக்கு அது பாட்டனும் இல்லை, பூட்டனும் இல்லை. வேறு கிளை.

இங்கேதான் சட்டை கிழிய ஆரம்பிக்கிறது.

'தமிழ் ஆமை' என்று சொன்னால் என்ன அர்த்தம்? அது வாழ்ந்தபோது தமிழ் இல்லை, சிங்களம் இல்லை, சமஸ்கிருதம் இல்லை. பேசுவதற்கு மனுச வாயே இல்லை. கல்லமேடும் இப்போது இருக்கிற இடத்தில் இல்லை. இந்தியா அப்போது ஆசியாவோடு ஒட்டாத ஒரு தனித் துண்டு. பூமத்தியரேகைக்குத் தெற்கே, நாலாபுறமும் கடல் சூழ, வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அதே புவித்தட்டில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இலங்கையும் வந்துகொண்டிருந்தது. நம்மை எத்தனை தரம் 'கள்ளத்தோணி' என்று கூப்பிட்டிருப்பார்கள்! அந்தக் கணக்குப் பார்த்தால் இந்தத் தீவே தெற்கிலிருந்து வந்து சேர்ந்த தோணிதான். எந்தக் குடிவரவு அதிகாரியும் முத்திரை குத்தவில்லை.

சொந்தக்காரர்களைப் பாருங்கள். குர்மாடெமிசுக்கு மிக நெருங்கிய உறவு மும்பையில் கிடைத்த சங்குச்செமிஸ், 2003இல் பெயர் வைத்தார்கள். இன்னொன்று கின்கோனிசெலிஸ், 2009இல் விவரித்தது. அது கிடைத்தது மடகாஸ்கரில். இவை எல்லாவற்றையும் சேர்த்து 'குர்மாடெமிடினி' என்று ஒரு பிரிவாகவே வைத்திருக்கிறார்கள். ஆமை மட்டுமா? கல்லமேட்டில் கிடைத்த முதலைப் பல் ஒன்றை 2013இல் ஆராய்ந்தபோது, மடகாஸ்கரின் சிமோசூகஸ் என்கிற கட்டை மூஞ்சி முதலையின் பல்லோடுதான் அது ஒத்துப்போனது. ஆமைக்கு இனம் எழுதினால் மராத்திக்காரனும் மலகாசிக்காரனும் பங்கு கேட்டு வருவான். கொடுக்க வேண்டியதுதான்.

இதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு அண்ணன் எழும்பி, "அப்ப லெமூரியா உண்மதானே! மடகாஸ்கருக்கும் இந்தியாவுக்கும் நடுவில நிலம் இருந்திச்சி, குமரிக்கண்டம் இருந்திச்சி!" என்றார். அண்ணனுக்குப் பதில் சொல்லத்தான் வேணும், ஏனென்றால் நம்மில் அநேகம் பேருக்கு இது பள்ளிக்கூடக் காலத்திலேயே ஊறிப்போன கதை. லெமூரியா என்ற பெயரைத் தமிழர் யாரும் வைக்கவில்லை. 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் வைத்தார். லெமூர் என்ற விலங்கின் கூட்டம் மடகாஸ்கரிலும், அதற்குச் சொந்தமான விலங்குகள் இந்தியப் பக்கமும் இருந்தால் நடுவில் ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். நிலம் நகரும் என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அதனால் மூழ்க வைத்தார். அந்தக் காலத்துக்கு அது மோசமான ஊகமும் இல்லை.

பிறகு கண்டங்கள் நகர்கின்றன என்பது தெரிந்தது. 1960களில் புவித்தட்டுக் கொள்கை உறுதியானது. மடகாஸ்கரும் இந்தியாவும் ஒரே நிலமாக ஒட்டியிருந்து ஏறக்குறைய 8 கோடி 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. ஒட்டியிருந்த காலத்து ஆமையின் பிள்ளைகள் ஒரு பக்கம் கின்கோனிசெலிஸ் ஆனார்கள், மறுபக்கம் குர்மாடெமிஸ் ஆனார்கள். வீடு இரண்டாகி அண்ணன் தம்பி ஆளுக்கொரு பக்கம் போன கதை. மூழ்கின கண்டம் தேவையே இல்லை. அதாவது அண்ணா, நீங்க லெமூரியாவுக்குச் சாட்சியா கூட்டிட்டு வந்த ஆமை, கூண்டில ஏறி மற்றப் பக்கத்துக்குச் சாட்சி சொல்லுது. விஞ்ஞானம் லெமூரியாவைக் கைவிட்டு அறுபது வருசம் ஆகப்போகிறது. நாம்தான் இன்னும் தோளில் போட்டுக்கொண்டு அலைகிறோம்.

பெயரில் கூர்மம் இருப்பதால் விஷ்ணுவின் அவதாரத்துக்கு விஞ்ஞானம் சாட்சி சொல்லிவிட்டது என்று இன்னொரு கூட்டம் வரும். பெயர் வைப்பவர்கள் அந்த நாட்டின் கதைகளிலிருந்து ஒரு சொல்லை எடுத்து வைப்பது வழக்கம், அவ்வளவுதான். இதற்கு மேல் அதற்கு இடம் கொடுக்க விருப்பமில்லை.

இனி நம்ம ஊருக்கு வருவோம். இரத்தினபுரியில் மாணிக்கக் குழி தோண்டுகிறவர்களுக்கு இது புதுக் கதை இல்லை. குழிக்கு அடியில் மாணிக்கம் கிடைக்கிற சரளை மண்ணுக்கு சிங்களத்தில் 'இல்லம' என்று பெயர். நம்ம காதில் அது 'இல்லம்' என்றுதான் விழும். சொந்தமாக வீடில்லாமல் லயத்துக் காம்பராவில் பிறந்தவன் இல்லம் தேடிக் குழிக்குள் இறங்குகிறான் என்று நாங்களே பகிடி விட்டுக்கொள்வோம். அந்த இல்லத்தில் கல்லோடு எலும்பும் வரும், பல்லும் வரும். அதைச் சீரியசாக எடுத்து ஆராய்ந்தவர் பி. ஈ. பி. தெரணியகல. 1939 முதல் 1963 வரை கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக இருந்தவர். நீர்யானை, காண்டாமிருகம், யானை, சிங்கம் என்று இரத்தினபுரி மண்ணில் ஒரு பழைய காடே புதைந்து கிடப்பதை உலகத்துக்குக் காட்டினார். ஆமையும் அவருக்குப் பிடித்த விஷயம்தான். இலங்கையின் ஆமைகளையும் முதலைகளையும் பற்றி 1939இல் தனி நூலே எழுதினார்.

அவர் வைத்த பெயர்களைப் பாருங்கள். நீர்யானைக்கு 'சிங்ஹலேயஸ்'. காண்டாமிருகத்துக்கு 'சிங்ஹலேயஸ்'. குருவிட்டவில் கிடைத்த பல்லை வைத்து 1939இல் விவரித்த சிங்கத்துக்கும் 'சிங்ஹலேயஸ்'. இலங்கைக்குரியது என்று காட்டத்தான் அந்தச் சொல். விலங்கியலில் இடப்பெயர் வைப்பது சாதாரணம், கல்லமேடென்சிஸ் மாதிரி. ஆனால் லத்தீனில் இடமாக இருந்தது நாட்டுக்குள் வந்ததும் இனமாக மாறிவிடுகிறது. குருவிட்டப் பல்லைக் காட்டி, கொடியில் இருக்கிற சிங்கம் இந்த மண்ணில் நிஜமாகவே இருந்தது, ஆகவே மண் எங்களுடையது என்று பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். பல் வைத்திருந்த சிங்கத்துக்குக் கொடி தெரியாது. பனியுகத்தில் கடல் மட்டம் இறங்கி, பாக்கு நீரிணை தரையாகக் கிடந்தபோது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவில் விலங்குகள் நடந்தே போய்வந்தன. மண்டபம் முகாமில் அவற்றை யாரும் நிறுத்தி வைக்கவில்லை, மருந்து தெளிக்கவில்லை. கழுத்தில் தகரம் தொங்கவிடவும் இல்லை.

தம்பி கேட்ட கேள்வி இதுதான்: "அவங்க சிங்கத்த வச்சிக்கிறாங்க. நாம ஆமைய வச்சிக்கிட்டா என்னா கொறஞ்சி போச்சி?"

நியாயமான கேள்வி. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் சின்னச் சின்னத் துண்டுகளாகச் சிதறி, சுற்றிலும் சிங்களக் கிராமங்களுக்கு நடுவில் வாழ்கிறோம். 1977, 1981, 1983 என்று எங்கள் வீடுகளில் வருசம் சொன்னாலே பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். 'எப்ப ஊருக்குப் போறீங்க' என்று கேட்கப்பட்ட பிள்ளை, 7 கோடி வருசத்தைத் தூக்கிக் காட்ட ஆசைப்படுவது புரியாமல் இல்லை. ஆனால் அந்த ஆசை நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று பாருங்கள்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் என்ன கேட்டது? நீ இங்கே பிறந்தாயா என்று மட்டும் கேட்கவில்லை. உன் அப்பா இலங்கையில் பிறந்தாரா? இல்லாவிட்டால் அப்பாவின் அப்பாவும், அவருடைய அப்பாவும் இங்கே பிறந்தார்களா? அதைக் காட்டு என்றது. பிறப்பைப் பதிவதே அரிதாக இருந்த காலத்தில், தோட்டத்தில் பிறந்து தோட்டத்தில் செத்தவனுக்கு எந்தக் காகிதம்? அந்தச் சட்டம் உழைப்பைக் கேட்கவில்லை, வாழ்ந்த வாழ்க்கையைக் கேட்கவில்லை. 'யார் முந்தி வந்தான்' என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டது. பிறகு 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். மூட்டை எண்ணுகிற மாதிரி. நாடற்றவர் என்ற கதையை முடிக்க 2003இல் ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது.

இப்போது சொல்லுங்கள். நம்மை நாடற்றவர்களாக்கியது 'முந்தி வந்தவன்' என்ற அளவுகோல். அதே அளவுகோலை நாமே கையில் எடுத்து, 'என்னோட ஆமை உன் சிங்கத்துக்கு முந்தி' என்று நீட்டுகிறோம். ஆமை ஜெயித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 7 கோடி வருசத்துக்கு முன் எந்தச் சிங்கமும் இல்லை. அப்புறம்? அதே கோலை அடுத்து யார் மேல் வைப்போம்? நமக்குப் பக்கத்துக் கடைத்தெருவில் இருக்கிற முஸ்லிம் குடும்பத்தின் மேலா? பாட்டனின் பாட்டன் எந்தக் கப்பலில் வந்தான் என்று அவர்களிடம் கேட்போமா? அந்தக் கோலை நாம் பிடிக்கக் கூடாது. முறித்து அடுப்பில் வைக்க வேண்டியது அது. ஒருவன் இந்த நாட்டுக்காரனா இல்லையா என்பதற்கும், அவனுக்கு முன்னால் எத்தனை தலைமுறை இந்த மண்ணில் கிடக்கிறது என்பதற்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. நேற்று வந்தவனுக்கும் மரியாதை இருக்க வேண்டும். சட்டையில் 'நாங்க நேத்து வந்தவங்க இல்ல' என்று எழுதியதில் எங்களை உறுத்தினது இதுதான். நேற்று வந்திருந்தால் மட்டும் விரட்டலாமா?

நம்ம ஆட்களே நம்மைத் 'தோட்டக்காட்டான்' என்றார்கள். கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போனவர்களுக்கு அங்கே 'சிலோன்காரன்' என்று பெயர். இரண்டு கரையிலும் வெளியாளாக நின்ற ஒரு கூட்டத்துக்கு, மண்ணின் மைந்தன் என்ற விளையாட்டு எவ்வளவு அசிங்கமானது என்று மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் கல்லமேட்டுக்கும் நமக்கும் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. எங்களில் ஒருத்தியின் பூட்டி அரியலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். அது அன்றைய திருச்சி ஜில்லா. கோப்பிக் காலத்திலிருந்து நம்மவர்கள் திரளாகக் கிளம்பி வந்த ஜில்லாக்களில் அதுவும் ஒன்று. அந்தக் காலத்திலேயே, 1862இல், பிளான்ஃபோர்ட் என்ற புவிச்சரிதவியலாளர் திருச்சி, தென்னார்க்காட்டுப் பாறைகளைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். அடுத்த பத்து வருசத்தில் ஸ்டோலிச்கா என்பவர் அந்தப் பாறைகளில் கிடைத்த ஓடுகளைத் தொகுதி தொகுதியாகப் படம் போட்டு விவரித்தார். ஒவ்வொரு சிப்பிக்கும் பெயர், அளவு, கிடைத்த ஊர். அதே ஆட்சியில், அதே ஜில்லாவிலிருந்து கங்காணியின் பின்னால் புறப்பட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த வழியில் விழுந்து செத்த மனுசர்களுக்கு அப்படி ஒரு தொகுதி இல்லை. 2023இல் 200 வருச நினைவாக அந்தப் பாதையில் நடந்தவர்களோடு எங்களில் இரண்டு பேரும் நடந்தார்கள். வழியில் எங்கேயும் ஒரு பெயர்கூடக் கல்லில் இல்லை என்று வந்து சொன்னார்கள். சிப்பிக்குக் கிடைத்த கவனத்தைப் பார்த்து நாங்கள் பொறாமைப்படவில்லை. சிப்பிக்கு அது தேவைதான். மனுசனுக்கும் தேவைப்பட்டது.

இந்த இடத்தில்தான் எங்கள் உண்மையான கோபம் இருக்கிறது. ஆமை யாருடையது என்ற சண்டையில் நாம் மறந்துபோகிற கேள்வி, ஆமையைப் பற்றித் தெரிந்துகொள்கிற வசதி யாருக்கு இருக்கிறது என்பது.

எங்களில் பதினொரு பேர் இருக்கிறோம். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு படித்தது ஒரே ஒருத்தி. அதற்காக அவள் ஹட்டனில் சித்தி வீட்டில் மூன்று வருசம் தங்கினாள். மற்றவர்கள் எல்லாரும் கலைப்பிரிவு. ஆசைப்பட்டுக் கலை எடுத்தவர்கள் இரண்டு பேர். மற்றவர்களுக்குப் போகிற தூரத்தில் தமிழில் விஞ்ஞானம் சொல்லித்தர வாத்தியார் இல்லை. ஒருவன் சிங்கள மொழி மூலம் மாறிப் பார்த்துவிட்டு ஒரு தவணையில் திரும்பி வந்தான். 'உயிர்ச்சுவடு' என்ற சொல்லைச் சாதாரண தரப் புத்தகத்தில் படித்ததோடு சரி. (தமிழ்நாட்டில் இதைப் 'புதைபடிவம்' என்கிறார்கள். எங்களுக்குச் சுவடு என்ற சொல்தான் பிடித்திருக்கிறது.) சுவட்டைப் பார்த்தால் அடையாளம் தெரியுமா? தெரியாது.

எங்களில் இன்னொருவன் பரீட்சை எழுதிவிட்டு மறுமொழி வரும்வரை எட்டு மாதம் மாணிக்கக் குழியில் வேலை செய்தான். கூலி இல்லை, கல் கிடைத்தால் பங்கு. ஒருநாள் சரளையை வட்டியில் போட்டு அலசும்போது கறுத்த துண்டு ஒன்று வந்தது. விரல் நீளம், ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக. எலும்பா, உக்கின மரமா? யாருக்கும் தெரியவில்லை. குழிக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு மண்மேட்டில் எறிந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் தேடியது நீலக்கல். நம்ம பையனும் திரும்பி எடுக்கவில்லை. அது காண்டாமிருகமா, மாட்டுக்காலா, ஒன்றுமே இல்லையா என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒன்று மட்டும் நிச்சயம், குர்மாடெமிஸ் இல்லை. இங்கே தோண்டினால் அந்த ஆமை கிடைக்காது. சப்ரகமுவையின் அடிப்பாறை 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வெந்து உருமாறியது. அதன் மேல் ஆறுகள் போட்ட மாணிக்கச் சரளையில் கிடைக்கிற எலும்புகளோ பனியுகத்துக்காரர்கள். டைனோசர் காலத்துப் பக்கம் நம்ம மாகாணத்துப் புத்தகத்தில் கிழிந்துபோயிருக்கிறது. இவ்வளவு சின்ன விஷயத்தைக்கூட எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நாங்களே தேடிப் படித்தோம்.

எறிந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கல்லமேடே சாட்சி. அதே ஊர்ப் பக்கத்தில் 1980களில் பிருகத்காயோசோரஸ் என்ற ராட்சத டைனோசரின் எலும்புகளை யாதகிரியும் அய்யாசாமியும் விவரித்தார்கள். உலகத்தில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்று இன்றைக்கும் விவாதம் நடக்கிறது. விவாதம் ஏன் முடியவில்லை என்றால், எலும்பு இல்லை. மழையும் வெயிலும் பட்ட களிமண்ணில் நொறுங்கிப் போய்விட்டது. கையில் இருப்பது படங்களும் எழுத்தும்தான். அதே மண்ணில் ஒரு ஆமையின் தலை தப்பியது. எடுக்கத் தெரிந்தவர்கள் எடுத்தார்கள், பார்க்கத் தெரிந்தவர்கள் பார்த்தார்கள். அதனால் 7 கோடி வருசத்துக்கு முந்திய அந்த மண்டையைப் பற்றி இன்றைக்கு லயத்தில் உட்கார்ந்து நாம் சண்டை போட முடிகிறது.

ஆகவே தம்பி, எங்களுக்கு வேண்டியது ஆமையின் மேல் உரிமைப் பத்திரம் இல்லை. சப்ரகமுவத் தோட்டத்துப் பிள்ளைக்கு, பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில், தமிழில் உயர்தர விஞ்ஞானம் வேணும். வாத்தியார் இல்லாத பாடத்துக்கு நேர அட்டவணையில் மட்டும் இடம் கொடுப்பதை நிறுத்த வேணும். மாணிக்கக் குழியில் கறுத்த துண்டு வந்தால் யாரிடம் கொண்டுபோவது என்பது குழியில் இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் அவனுடைய மொழியில் தெரிய வேணும். இதையெல்லாம் கேட்க 7 கோடி வருசம் தேவையில்லை. இங்கே வாழ்கிறோம், வரி கட்டுகிறோம், வாக்குப் போடுகிறோம் என்பதே போதும். சிங்களப் பிள்ளைகளும் நம்மோடு சேர்ந்து கேட்கக்கூடிய கோரிக்கைகள் இவை. ஆமையைக் கொடியாக்கினால் அவர்கள் வர மாட்டார்கள். பாலாமையை அவர்கள் 'கிரி இப்பா' என்கிறார்கள். கிரி என்றாலும் பால்தான். ஒரே வயலில் ஒரே ஆமையைப் பார்த்து இரண்டு மொழியும் ஒரே பெயரை வைத்திருக்கின்றன. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று தயவுசெய்து யாரும் ஆராய்ச்சியைத் தொடங்கிவிடாதீர்கள்.

சட்டைக்குச் சேர்த்த காசு அப்படியே இருந்தது. அதில் ஒரு வேன் பிடித்து, மூன்று தோட்டத்துப் பிள்ளைகளை இரத்தினபுரி எஹலேபொல வளவில் இருக்கிற தேசிய நூதனசாலைக்குக் கூட்டிப் போவதென்று தீர்மானித்திருக்கிறோம். ஹட்டனில் படித்தவள் முதல்நாள் இரவு பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பாள். தம்பி தன்னுடைய ஆமையைப் பெரிய தாளில் திரும்ப வரைகிறான், இந்தத் தரம் எழுத்தில்லாமல். 22 பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வேனில் 14 பேர்தான் போகலாம், அதுதான் இப்போதைய பிரச்சினை.

செய்தி கேட்டு ஒரு அம்மாயி சிரித்தார். "ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. நீங்க என்னான்னா காசு குடுத்து ஆமைக் கதை கேக்கப் போறீங்க" என்றார். பிறகு எங்களைக் கிட்டக் கூப்பிட்டு, நேத்து ராத்திரி மழைக்குக் கான்ல ஒன்னு வந்து கெடக்கு, நாய் கடிக்கிறதுக்கு முந்தி எடுத்து ஆத்துல விட்டுட்டு வாங்கடா என்றார்.